காசு எங்கே கிடக்கு?

எங்கள் ஊர்த் தொல்லியல் கழகத்தின் செய்தி மடலுக்கு, இறந்துபோன என் அக்காவைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் இப்போதைய செயலாளர், இந்த ஊருக்குப் புதிது. "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க, மிஸஸ் பிராக்கன்பரி" என்றார். நல்லதாக மட்டும் எழுதினால் அரைப் பக்கம் தேறாது. நடந்ததை எழுதினால் மடல் கொள்ளாது. நான் நடந்ததையே எழுதுகிறேன். வேண்டாததை அவர்கள் வெட்டிக்கொள்ளட்டும், வெட்டுவதும் தோண்டுவதும்தானே அவர்கள் பிழைப்பு.

என் அக்கா வினிஃப்ரெட் மால்ட்பி கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். அவள் எப்போதும் சரியாக இருப்பவள். சின்ன வயதிலிருந்தே எதிலும் அவள் சொன்னதுதான் சரி, பாதிக்கு மேல் அது உண்மையாகவும் இருந்து தொலைத்தது. எங்கள் அப்பாவுக்கு எங்கள் ஊரான கெல்ஸ்பியின் ரயில் நிலையத்தில் சிக்னல் கேபினில் வேலை. ஊரே அவர் கடிகாரத்தைப் பார்த்துத்தான் தன் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும். அந்த மனிதரிடம் போய் "அப்பா, உங்க கடிகாரம் மெதுவா ஓடுது" என்று சொன்னவள் அவள். அன்றைக்கு அது மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

போர்க்காலத்தில் விமானப் படையில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. வானத்திலிருந்து எடுத்த படங்களைக் பூதக்கண்ணாடி வைத்து உற்றுப் பார்த்து, எது நிழல், எது பீரங்கி என்று சொல்ல வேண்டும். குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். அவளுக்கென்றே செய்த வேலை அது. பழகுவதற்காகக் கொடுத்த படங்களில் ஒருநாள் எங்கள் ஊர் வயல்களும் வந்தன. 'பத்து ஏக்கர்' என்று நாங்கள் சொல்லும் வயலில் பார்லிப் பயிர் நேர்கோடாக ஓரிடத்தில் மட்டும் வெளுத்திருந்தது. அடியில் சுவர் இருக்கிறது, அதனால்தான் பயிருக்கு ஈரம் போதவில்லை என்று அவள் புரிந்துகொண்டாள். அந்தக் கோடு அவளைச் சாகும்வரை விடவில்லை.

போர் முடிந்து வந்து பெண்கள் பள்ளியில் சமையல் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்குச் சமைக்க வராது. முட்டைக்கோசை அடையாளம் தெரியாமல் போகும்வரை வேகவைப்பாள். ஆனால் மற்றவர்கள் செய்த கேக்கைத் தின்றுவிட்டு அதில் என்ன தப்பு என்று சொல்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. என் கல்யாண கேக்கையே "நடுவுல வேகல" என்று சொன்னாள், அதுவும் என் மாமியார் காதில் விழும்படி.

நான் கட்டிக்கொண்டது கிளெமென்ட் பிராக்கன்பரியை. சந்தை வீதியில் இரும்புக் கடை வைத்திருந்தார்.

"ஆணி விக்கிற ஆளையாடீ கட்டிக்கப் போற?" என்றாள் அக்கா.

"ஆணி மட்டுமில்ல. வாளியும் விக்கிறார், மண்வெட்டியும் விக்கிறார்" என்றேன். அந்த வாளியும் மண்வெட்டியும் என் வாழ்க்கையை என்ன பாடு படுத்தப்போகின்றன என்று அப்போது எனக்குத் தெரியாது.

கழகம் அச்சிட்டிருக்கும் வரலாற்றில், 'ராணியின் முடிசூட்டு விழா ஆண்டில் ஊரின் தொல்லியல் ஆர்வலர்கள் ஒன்றுகூடினர்' என்று இருக்கிறது. யாரும் ஒன்றுகூடவில்லை. விழாவுக்குக் கொடிக்கம்பம் நட நகராட்சி ஆட்கள் சந்தைத் திடலில் குழி தோண்டினார்கள். சிவப்பு ஓடு ஒன்று வந்தது. கிளெமென்ட் அதை எடுத்துப் பார்த்து, "வடிகால் ஓடு" என்றார். சைக்கிளில் போய்க்கொண்டிருந்த அக்கா இறங்கி வந்து, "ரோமானியக் கூரை ஓடு. விளிம்பைப் பாருங்க, கண்ணு இருந்தா" என்றாள். மழை பிடித்துக்கொண்டது. சண்டையை விடாமல் இருவரும் எங்கள் கடைக்குள் ஒதுங்கினார்கள். மழைக்கு ஒதுங்கிய இன்னும் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். எல்லாரும் மண்ணெண்ணெய் டின்கள்மேல் உட்கார்ந்தார்கள், நான் தேநீர் போட்டேன். கெல்ஸ்பி வட்டாரத் தொல்லியல் கழகம் பிறந்தது அப்படித்தான். ஓடு ரோமானிய ஓடுதான்.

கடை அவருடையது என்பதால் அவர் தலைவர். தோண்டுவதை நடத்தியது அக்கா. தேநீர் போட்டது நான். தலைவரும் மாறவில்லை, தேநீர் போடுகிறவளும் மாறவில்லை.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தோண்டி முடித்த குழியை மூடும் முன்னால் அதன் அடியில் அந்த வருடத்துக் காசு ஒன்றைப் போடுவார்கள். நூறு வருடம் கழித்து இன்னொருவர் அங்கே தோண்டினால் காசு கண்ணில் படும். இந்த ஆழம்வரை முன்னாலேயே ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள், இன்ன வருடத்தில் வந்தார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். காசைப் போடுவது தலைவரின் உரிமை. அடி என்று அவர்கள் சொல்வது கன்னிமண்ணை. மனிதக் கை படாத மண், அதற்குக் கீழே எதுவும் இருக்காது. மிஸ் மால்ட்பிக்கு ஏன் கன்னிமண்மேல் இவ்வளவு அக்கறை என்று கழகத்து ஆண்கள் ஒரு நகைச்சுவை வைத்திருந்தார்கள். வருடா வருடம் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

பத்து ஏக்கர் வயலைத் தோண்ட ஸ்டேப்பிள்ஸ் என்ற பண்ணைக்காரர் 1962இல்தான் இடம் கொடுத்தார், அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் நடுவில். அந்த வெளுத்த கோட்டின் முனையில் கதவகலத்துக்கு ஒரு குழி போட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை குழி முழங்காலளவு இருந்தது. சனிக்கிழமை அக்கா பள்ளிப் பெண்களை ஒரு சமையல் போட்டிக்கு லிங்கன் நகரத்துக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. "நான் வர்ற வரைக்கும் யாரும் அடியைத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். திங்களன்று டிராக்டர் ஓட்டியே தீருவேன் என்று ஸ்டேப்பிள்ஸ் பிறகு ஆள் அனுப்பியது அவளுக்குத் தெரியாது.

சனிக்கிழமை கொட்டித் தீர்த்தது. கழகத்தார் ஒவ்வொருவராக நழுவினார்கள். கிளெமென்ட் மட்டும் நின்றார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தொடைவரை களிமண். சமையலறை வாசலில் நின்றபடியே, "கன்னிமண் வந்துடுச்சு, ஐரிஸ். ஒண்ணுமே இல்ல" என்றார். பரிசு கிடைக்காத பையன் மாதிரி முகம். அந்தக் கால்சட்டையைத் தண்ணீர் மாற்றி மாற்றி அலசினேன், களிமண் போகவே இல்லை. மறுநாள் போய்க் காசைப் போட்டுக் குழியை மூடிவிட்டு வந்தார்.

அன்று மாலை லிங்கனிலிருந்து திரும்பிய அக்கா நேரே வயலுக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"எவ்வளவு ஆழம் போனீங்க?"

"இடுப்பளவு. சுத்தக் களிமண்ணு, வின்னி. கன்னிமண்ணு."

"கூட யாரு இருந்தா?"

"யாருமில்ல. மழைக்கு எல்லாரும் ஓடிட்டாங்க."

"ஒத்தை ஆளா, கொட்டுற மழையில, முழங்கால்லேர்ந்து இடுப்பு வரைக்கும் வெட்டினீங்களா? கடையில ஒரு சிமெண்டு மூட்டையை நகர்த்தவே ரெண்டு பேரைக் கூப்பிடுற ஆளு நீங்க."

நான் நடுவில் போனேன். "அக்கா, அவர் பேன்ட்டைத் துவைச்சவ நான். தொடை வரைக்கும் களிமண்ணு இருந்துது."

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நீ அவர் பொண்டாட்டி, ஐரிஸ். வேற என்ன சொல்லுவ?"

இந்தக் கதையில் என்னைச் சுட்டது அந்த ஒரு வாக்கியம்தான். என் கணவரைப் பொய்யர் என்று சொன்னாள், அது அவர்கள் இருவரும் தீர்த்துக்கொள்ள வேண்டியது. என்னையும் பொய்க்காரி என்று சொன்னாளே, என் சமையலறையில் நின்றுகொண்டு, நான் கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு. நான் கோப்பையை வாங்கித் தொட்டியில் கவிழ்த்தேன். "போயிட்டு வா" என்றேன்.

ஜனவரியில் சர்ச் மண்டபத்தில் ஆண்டுக் கூட்டம். கிளெமென்ட் தன் அறிக்கையைப் படித்தார். 'பத்து ஏக்கர் வயலின் குழி கன்னிமண் வரை தோண்டப்பட்டது. குறிப்பிடும்படி எதுவும் கிடைக்கவில்லை.' அக்கா எழுந்தாள்.

"தலைவருக்கு ஒரே ஒரு கேள்வி. காசு எங்கே கிடக்கு?"

"குழியோட அடியில" என்றார் அவர்.

"எந்த அடியில? முழங்காலளவுலயா, இடுப்பளவுலயா? நான் சொல்றேன். அந்தக் காசு முழங்காலளவுல கிடக்கு. மிஸ்டர் பிராக்கன்பரி அங்கேயே நிறுத்திட்டு வீட்டுக்குப் போயிட்டார். இது பொய் அறிக்கை."

அதுவரை அவர் அவளுக்கு கிளெம். அந்த நிமிடத்திலிருந்து மிஸ்டர் பிராக்கன்பரி. அவருக்கும் அவள் வின்னி இல்லை, மிஸ் மால்ட்பி.

மண்டபத்தில் கூச்சல். வார்த்தையைத் திரும்பப் பெறும்படி கேட்டார்கள். "என்னைக்காவது அந்தக் குழியைத் திறங்க. காசு கன்னிமண்ணு மேல கிடந்தா, இதே மேடையில நின்னு மன்னிப்புக் கேக்குறேன். அது வரைக்கும் ஒரு எழுத்தைக்கூட திரும்ப வாங்க மாட்டேன்" என்றாள். அவளைக் கழகத்திலிருந்து நீக்கத் தீர்மானம் வந்தது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் கையும்தான், அதற்காக எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

குழியைத் திறக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் மாறி மாறிக் கதவைத் தட்டியதில் ஸ்டேப்பிள்ஸுக்கு வெறுத்துப்போய், தொல்லியல்காரன் எவன் வந்தாலும் நாயை அவிழ்த்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அக்கா வெளியாட்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு 'கெல்ஸ்பி அகழாய்வுக் குழு' என்று ஒன்றைத் தொடங்கினாள். இவ்வளவூண்டு ஊருக்கு இரண்டு சங்கம். மண்டபம் ஒன்றுதான், அதனால் எங்களுக்குச் செவ்வாய், அவர்களுக்கு வியாழன். படம் காட்டும் கருவி எங்களிடம் மாட்டிக்கொண்டது, ஸ்லைடு படங்களெல்லாம் அவளிடம். வருடக்கணக்காக நாங்கள் வெறும் வெளிச்சத்தைத் திரையில் காட்டிக்கொண்டு பேசினோம். அவர்கள் படத்தை ஆளுக்கு ஆள் கை மாற்றி, ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். விட்டுக்கொடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

'காசு எங்கே கிடக்கு?' ஊருக்கே விளையாட்டாகிவிட்டது. ஆணி வாங்க வருகிறவன் பணத்தைக் கல்லாவின்மேல் வைத்துவிட்டு, "காசு எங்கே கிடக்கு, கிளெம்?" என்பான். மதுக்கடையில் கேட்பார்கள். ஒருமுறை சர்ச்சில் காணிக்கைத் தட்டு நீட்டும்போதும் பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். அவர் சிரித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர், ஒரு திருகாணிப் பெட்டியில் ஒன்று குறைந்தால்கூட ஆளைத் தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். அவரைத்தான் என் அக்கா ஊர் சிரிக்க வைத்தாள். தெருவில் எதிரே வந்தால் நான் மறுபக்கம் கடந்துவிடுவேன். அவளும் கடப்பாள். சில சமயம் இருவரும் ஒரே நேரத்தில் கடந்து நடுத்தெருவில் முட்டிக்கொள்ளப் பார்த்திருக்கிறோம்.

எங்கள் அம்மா செத்தபோதுகூட சவப்பெட்டியின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

1984இல் ஸ்டேப்பிள்ஸ் போய்ச் சேர்ந்தார். மகன் வயலை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றான். அங்கே அடியில் எதுவும் இல்லை என்று கிளெமென்டின் அறிக்கை சொன்னதால் அனுமதியும் சிக்கலில்லாமல் கிடைத்தது. அக்கா நகராட்சிக்கு அலைந்தாள், கத்தினாள், பத்திரிகையில் எழுதினாள். அவள் தொல்லை தாங்காமல் கட்டுகிறவர்கள் ஒரு சனி, ஞாயிறு மட்டும் அந்தப் பழைய குழியைத் திறந்து பார்த்துக்கொள்ள விட்டார்கள், அதுவும் இரண்டு சங்கமும் சேர்ந்து வந்தால் மட்டும். இரண்டு சங்கத்திலும் தோண்டத் தெம்புள்ளவர்கள் யாரும் மிச்சமில்லை. கடைசியில் வந்தவர்கள் கிளெமென்டும் அக்காவும். யாராவது ஒருவர் சாட்சிக்கு வேண்டும் என்று நானும் போனேன், தேநீர்க் குடுவையோடு.

இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் மாறி மாறித் தோண்டினார்கள். அவர் வெட்டும்போது அவள் விளிம்பில் நின்று பார்ப்பாள். அவள் வெட்டும்போது அவர் பார்ப்பார். முழங்காலளவு வந்தது. அக்கா மண்டியிட்டுக் கொத்துக்கரண்டியால் அங்குலம் அங்குலமாகச் சுரண்டினாள். காசு இல்லை. அவள் முகம் இறுகியது. நான் உள்ளுக்குள் குதித்தேன், ஏன் மறைக்க வேண்டும்.

மறுநாள் இடுப்பளவில், சாம்பல் நீலக் களிமண்ணின்மேல், பழைய பெரிய பென்னிக் காசு கிடந்தது. ராணியின் தலை மேலே பார்த்தபடி, 1962.

கிளெமென்ட் அதை எடுக்கவில்லை. குழிக்குள் நின்றபடி அவளை நிமிர்ந்து பார்த்தார். "காசு எங்கே கிடக்கு, மிஸ் மால்ட்பி?"

இத்தனை வருடமாக அந்தக் கேள்வியை அவர் நாக்கு நுனியில் வைத்திருந்திருக்கிறார். சந்தோஷத்தில் நான் தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினேன். அவள் கோட்டைக் கழற்றிப் புல்லில் போட்டாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தாள். "நகருங்க" என்றாள். அவர் வெளியே ஏறியதும் குழிக்குள் இறங்கி, கரண்டியை இரண்டு கையாலும் பிடித்து, காசு கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் களிமண்ணில் குத்தினாள். எதையும் தேடிக் குத்தியதாக எனக்குத் தோன்றவில்லை. அது வெறும் ஆத்திரம். தோற்றுப்போன ஆத்திரத்தில் கன்னிமண்ணை மாறி மாறிக் குத்திக்கொண்டே இருந்தாள். எனக்கே பயமாக இருந்தது.

"அக்கா, போதும், மேல வா" என்றேன். அத்தனை வருடத்தில் அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு.

கரண்டி எதிலோ மோதிச் சத்தம் கேட்டது. அவள் கையை விட்டுத் துழாவினாள். களிமண்ணின் உள்ளேயிருந்து ஒரு பானை ஓடு வந்தது. விரலால் துடைத்தாள். பளபளவென்று சிவப்பு, ரோமானியர்கள் உணவு பரிமாறிய பாத்திரத்தின் துண்டு.

மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கன்னிமண்ணுக்குள் பானை ஓடு இருக்க முடியாது. இருக்கிறதென்றால் அது கன்னிமண் இல்லை. யாரோ கொண்டுவந்து கொட்டி, மிதித்து இறுக்கிய களிமண்.

கிளெமென்டின் முகம் வெளுத்தது. பிறகு அவர் சொன்ன வார்த்தையை அவர் வாயில் அதற்கு முன்னால் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

"நீயே கொண்டாந்து வெச்சுட்ட."

தோண்டுகிறவர்களை இதைவிடக் கேவலமாகத் திட்ட வேறு வார்த்தை கிடையாது. இதற்கு அக்கா என்ன சொல்வாள்? சாட்சி வேண்டும். அங்கே இருந்த ஒரே சாட்சி நான்தான். அவளை நான் எவ்வளவு வெறுத்தேன் என்பது மூவருக்கும் தெரியும்.

அப்படியே விட்டிருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஜெயித்திருப்பார். அவள் பொய்க்காரியாகப் போயிருப்பாள், நான் எப்படிப் போனேனோ அதேபோல. நினைக்கவே இனித்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.

"அவ கை வெறுங்கையாத்தான் இருந்துது, கிளெமென்ட்" என்றேன். "சட்டையை முழங்கைக்கு மேல மடிச்சிருந்தா. கோட்டு இங்க என் காலடியில கிடக்கு. நான் இங்கேயே நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். எதையும் வெக்கல."

"ஐரிஸ்..." என்றார்.

"துவைச்சது துவைச்சதுதான். பாத்தது பாத்ததுதான். ஆளுக்கேத்த மாதிரி என்னால மாத்திச் சொல்ல முடியாது."

அவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு, "பெரிய மண்வெட்டியை எடு" என்றார், என்னிடமா அவளிடமா என்று தெரியாதபடி. அவரால் மன்னிப்பு என்று அவ்வளவுதான் கேட்க முடிந்தது.

அக்கா குழிக்குள்ளிருந்தே என்னைப் பார்த்தாள். நன்றி சொல்லப்போகிறாளோ என்று ஒரு நொடி முட்டாள்தனமாக நினைத்துவிட்டேன்.

"அப்போ அந்தப் பேன்ட்டு விஷயமும் நெசந்தானா?" என்றாள்.

"நெசந்தான்."

"ஓ" என்றாள். அவ்வளவுதான். குனிந்து வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

ஒரு முழ ஆழத்துக்கு இருந்த அந்தக் களிமண் ஒரு மூடி. அடியில் கல் கட்டிய கிணறு. தூர்ந்துபோன பழைய கிணற்றை ரோமானியர்களே களிமண் போட்டு மிதித்து மூடியிருக்கிறார்கள். இது தெரிந்ததும் கட்டுகிறவர்கள் வேறு வழியில்லாமல் இன்னும் கொஞ்ச நாள் விட்டார்கள், மாவட்டத்திலிருந்து ஆட்கள் பம்போடு வந்தார்கள். ஈரத்தில் ஊறிக் கிடந்ததால் மரவாளி அழுகாமல் வந்தது, கைப்பிடிக் கயிற்றோடு. ஒரு குழந்தையின் தோல் செருப்பு வந்தது. கிளெமென்ட் அன்றைக்கு இன்னும் ஒரு முழம் வெட்டியிருந்தால் அதெல்லாம் அவர் பெயரில் இருந்திருக்கும். அவர் நேர்மையாக, மழையில் தனியாக, தவறான இடத்தில் நின்றுவிட்டார்.

ஜனவரிக் கூட்டத்துக்கு இரண்டு சங்கமும் ஊரில் பாதியும் வந்தன. மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாளே, அதைப் பார்க்கத்தான் வந்தார்கள், செருப்பைப் பார்க்க இல்லை. அக்கா மேடையேறினாள். கையில் தாள் இல்லை.

"1962ல மிஸ்டர் பிராக்கன்பரி முழங்காலளவுல நிறுத்திட்டார்னு சொன்னேன். அது தப்பு. மன்னிக்கணும். அவர் நேர்மையா அடி வரைக்கும் தோண்டினார். அடி எதுன்னுதான் அவருக்குத் தெரியல."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. அவள் இறங்கிப் போய் உட்கார்ந்தாள். நான் எழுந்து போய் அவள் தலையில் தேநீர்க் குடுவையைக் கவிழ்த்திருப்பேன், கிளெமென்ட் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் எழுந்து, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"நடவடிக்கைக் குறிப்புல ஏத்திக்குங்க" என்றார். "நேர்மையான்னு சொன்னாங்க."

அதற்குப் பிறகு கடையில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இரண்டு சங்கத்தையும் சேர்த்துவிடலாம் என்று நல்ல மனதுக்காரர் ஒருவர் முயன்றார். யார் பெயர் முதலில் வரும் என்பதிலேயே அது முறிந்தது. கிணற்றைப் பற்றி இரண்டு அறிக்கைகள் வெளிவந்தன. அவருடையதில் அது இடதுகால் செருப்பு. அவளுடையதில் வலதுகால். லிங்கனில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், போனால் பாருங்கள், எந்தக் கால் என்று நான் சொல்ல மாட்டேன். கிணற்றின்மேல் இப்போது யாரோ கார் நிறுத்துகிறார்கள்.

நானும் அக்காவும் தெருவில் பார்த்தால் தலையசைக்கும் அளவுக்கு வந்தோம். சமாதானம் என்று சொல்ல மாட்டேன். மறுபக்கம் கடக்கச் சோம்பலாகிவிட்டது.

போன நவம்பரில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் திராட்சை வாங்கிப் போனேன். ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "விதை" என்றாள். என்னிடம் அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான். விதை இருக்கத்தான் செய்தது.

அடக்கத்துக்கு நான் தனியாகப் போவதாக இருந்தேன். கிளெமென்ட் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கைத்தடி இல்லாமல் அவரால் நடக்க முடியாது, கண்ணும் மங்கல். கல்லறைத் தோட்டத்தில் தூறிக்கொண்டிருந்தது. பாதிரியார் ஜெபிக்கும்போது இவர் தலை குனியவில்லை. விளிம்புக்குப் போய், குழியின் வெட்டிய பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கம் எங்கே போகும். பிறகு எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"கன்னிமண்ணு வரைக்கும் போகல. இன்னும் இருக்கு."

பாதிரியார் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார். செத்தவளின் குழியின்மேல் நின்று பழைய கணக்கைத் தீர்க்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் என் அக்கா, திட்டுவதானால் நான் திட்டுவேன். இவர் யார்? அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் அந்தக் கையை விடுவித்துக்கொண்டு கோட்டுப் பையில் விட்டார். எதையோ குழிக்குள் போட்டார். பெட்டியின்மேல் பட்டுச் சத்தம் வந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சந்தை வீதி வந்ததும் அடக்க முடியாமல் கேட்டேன்.

"என்ன போட்டீங்க?"

"காசு."

"பையில கிடந்த சில்லறையை எடுத்துப் போட்டுட்டீங்க, அதானே?"

அவருக்குக் கோபம் வந்தது. நின்றுவிட்டார்.

"சில்லறையா? நேத்தே தபால் ஆபீசுக்குப் போயிட்டேன். இந்த வருஷத்துப் பென்னிதான் வேணும்னு கேட்டேன். அந்தப் பொண்ணு பையெல்லாம் கொட்டித் தேடிக் குடுத்தா. வருஷம் தப்பா இருந்தா வின்னி சும்மா இருப்பாளா?"

வின்னி என்றார். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன், அவள்மேல் இருந்த கோபம் கொஞ்சமும் குறையாமலே.